சோத்துக்கைப் பக்கம் நின்றவர்

தேவசகாயம் மாமா இறந்துபோன செய்தியைத் தெருவுக்குச் சொல்லும் பொறுப்பு, தெருவில் ஒருத்தரும் நம்பாத வாய்க்கு வந்து சேர்ந்தது. அந்த வாய் என்னுடையது.

தொண்ணூற்றொன்று பிறந்து அதிக நாள் ஆகவில்லை. தை மாதம். காலையிலிருந்தே கரண்ட் இல்லை. கரண்ட் போனால் எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் உள்ள மதிலில் ஏறி, கரண்ட் ஆபீஸ்காரரான அவரை வம்புக்கு இழுப்பது என் வழக்கம். அன்றும் ஏறினேன். "மாமா, கரண்ட் இல்ல. அம்மா மாவுக்குப் பதிலா உங்களைத்தான் அரைச்சிக்கினு கீறாங்க!" என்று கத்தினேன். அந்தப் பக்கம் மாமா இல்லை. கம்பம் ஏறும் வேலு அண்ணன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாமாவின் மனைவி ரோஸ் அத்தை வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்.

"சேகரு, சும்மா இருடா," என்றார் வேலு அண்ணன். "சாரு போயிட்டாரு. வல்லத்துல ஒரு வூட்ல ரீடிங் பாத்துக்கினு இருந்தாரு. தண்ணி குடுங்கன்னு உக்காந்தாரு. அவ்ளோதான்."

தெருவுக்கு ஓடினேன். மளிகைக்கடை அண்ணாச்சி, "எலே, போன வாரம் ஹெட்மாஸ்டருக்குக் கால் ஒடஞ்சி போச்சின்னு சொன்னவன்தானே நீ? போ அங்கிட்டு," என்று விரட்டினார். அம்மா விளக்குமாற்றை எடுத்தாள். எதிர்வீட்டு அக்கா, "இதுலகூடவாடா உனக்கு வெளையாட்டு?" என்று திட்டிவிட்டுத் துணி காயப்போடப் போனார். நான் நடுத்தெருவில் நின்று அழ ஆரம்பித்த பிறகுதான் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள்.

இதைப் படிக்கிற ஊர்க்காரர்களே, உங்களில் பாதிப்பேருக்கு அவர் மீட்டர் பார்க்க வருகிற சார். அவர் சைக்கிள் மணி தெருமுனையில் கேட்டதும் முதலில் திருட்டுக் கரண்டுக்கு மாட்டிய கொக்கியை அவிழ்ப்பீர்கள், பிறகு "வாங்க சார், மோர் குடிங்க" என்பீர்கள். அவருக்கும் அது தெரியும். அதனாலேயே மணியை முனையிலிருந்து நன்றாக அடித்துக்கொண்டு வருவார். மீதிப்பேருக்கு அவர் பட்டாளத்து ஆல்பம் சேர்க்கிற ஆள். ஒரு சிலருக்கு, வாங்கிக்கொண்டு போன ஆல்பத்தைத் திருப்பித் தராத ஆள். இறந்தவரைப் பற்றி எழுதும்போது இதை விட்டுவிடலாம்தான். விட்டால் அவர் பாதிதான் தெரிவார்.

அவர் இந்த ஆல்பம் சேர்க்கும் வேலைக்கு வந்து சேர்ந்தது மீட்டர் வழியாகத்தான். நம் பக்கத்து வீடுகளில் மீட்டர் மாட்டியிருக்கும் முன்சுவரிலேயே, நிலைப்படிக்கு மேலே, இறந்தவர்களும் மாட்டியிருப்பார்கள். மீட்டரைப் பார்க்க அண்ணாந்தால் முதலில் அவர்கள்தான் கண்ணில் படுவார்கள். அந்த வரிசையில் வீட்டுக்கு வீடு ஒரு பட்டாளத் தொப்பி இருப்பதைக் கவனித்திருக்கிறார். இரண்டாம் உலகச் சண்டைக்குப் பர்மாவுக்கும் பாலைவனத்துக்கும் போன நம் ஊர் ஆட்கள். ஒரு வீட்டில், அடுப்பை விசிற ஒரு கறுப்பு அட்டையை வைத்திருந்தார்களாம். வாங்கிப் பார்த்தால் ஆல்பத்தின் பக்கம். மூலையில் ஒட்டிய படம் ஒன்று அப்படியே இருந்திருக்கிறது. ஒரு கப்பலின் மேல்தளம், வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு இருபது பையன்கள். "எல்லாரும் உன் வயசுடா. நீ மதில்ல ஏறி நிக்கிற மாதிரி கப்பல் கம்பியில ஏறி நிக்கிறானுங்க," என்று என்னிடம் காட்டினார். அந்தப் பக்கத்தோடு தொடங்கியதுதான். அத்தையின் கல்யாணத்து டிரங்குப் பெட்டி முதலில் காலியானது. பிறகு இரண்டாவது பெட்டி வந்தது. "புடவை வெக்கிற எடத்துல பட்டாளம் பூந்துக்கிச்சி," என்று அத்தை சொல்வார். அதில் கோபம் பாதி, பெருமை பாதி.

படங்களைக் கையாள்வதில் மனிதர் பெரிய கெடுபிடி. ஆல்பத்தைத் துவைத்த வேட்டித் துணியில்தான் சுற்றுவார். பக்கத்துக்குப் பக்கம் எண்ணெய்த்தாள். மைதாப் பசையைக் கண்டால் சண்டைக்குப் போவார். "மாவுல ஒட்டினா அது போட்டோ இல்ல, பூச்சிக்குப் பலகாரம்," என்பார். யார் வீட்டிலாவது சட்டம் போடாத படத்தின் நெற்றியில் குங்குமம் வைத்திருந்தால் பொறுக்காது. "கண்ணாடி போட்டு, கண்ணாடி மேல பொட்டு வைம்மா. ஆளுமேல வெச்சா ஆளே அழிஞ்சிடுவாரு." கோவிந்தா போடும் வீடு, ஸ்தோத்திரம் சொல்லும் வீடு, எதுவாக இருந்தாலும் இதே உபதேசம்தான்.

நான் சும்மா இருப்பேனா? சாரணர் தொப்பியைப் போட்டுக்கொண்டு ஒரு படம் எடுத்து, டீத்தண்ணியில் ஊறவைத்துப் பழுப்பாக்கி, "பெரியப்பா வூட்டுப் பரண்ல கெடந்துச்சி மாமா, பர்மா சண்டையாம்," என்று நீட்டினேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அப்பிடியா? பர்மாலயும் நம்மூரு தண்ணித் தொட்டியைக் கட்டிகீறாங்களா?" என்றார். பின்னால் தொட்டி தெரிவதை நான் கவனிக்கவில்லை. திட்டுவார் என்று பார்த்தால், பென்சிலை எடுத்துப் படத்தின் முதுகில், 'இது பொய். சேகர் வேலை' என்று எழுதிப் பெட்டியிலேயே வைத்துக்கொண்டார். "நாப்பது வருசம் கழிச்சி எவனாவது நம்பித் தொலைப்பான்டா. பொய்யையும் பொய்னு எழுதி வெச்சிடணும்."

அவருக்கு வந்த ஆல்பங்களில் எனக்குச் சிரிப்பு மூட்டியது ஓட்டைகள்தாம். நம் ஊரில் பட்டாளத்துக்குப் போனவருக்குத் தனிப்படம் ஏது? பத்துப்பேர் சேர்ந்து நின்ற படம்தான் இருக்கும். ஆள் இறந்துவிட்டால் அந்தக் கூட்டத்திலிருந்து அவர் முகத்தை மட்டும் பிளேடால் வட்டமாக வெட்டி, அட்டையில் ஒட்டிச் சட்டம் போட்டுவிடுவார்கள். மிச்சப் படம் ஆல்பத்திலேயே கிடக்கும். முகம் இருந்த இடத்தில் வட்டமாக ஓட்டை. "மாமா, இது ஆல்பமா, இட்லித் தட்டா?" என்று கேட்டேன். சிரித்தார். பிறகு, "ஒவ்வொரு இட்லியும் ஏதோ ஒரு வூட்டுச் சுவத்துல மாலை போட்டுக்கினு கீதுடா. எது எந்தத் தட்டுன்னு தெரியல, அதான்," என்றார். அன்றிலிருந்து ஓட்டைகளை எண்ணெய்த்தாளில் வரைந்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மீட்டர் பார்க்கும் வீடுகளில் சட்டத்தின்மேல் வைத்துப் பார்ப்பார். சில பொருந்தின. பொருந்திய நாளில் எங்கள் மதிலுக்கு ஜிலேபிப் பொட்டலம் வரும்.

ஒன்று பொருந்தியபோது மட்டும் வரவில்லை. அதைத்தான் சொல்ல வேண்டும்.

வல்லத்தில் கன்னியப்பன் என்று ஒரு பழைய பட்டாளத்துக்காரர். சண்டை முடிந்து திரும்பியதும் தன் ஆல்பத்தைப் பரணில் போட்டவர், அதன்பிறகு திறக்கவே இல்லையாம். "கூட இருந்தவனுங்க மூஞ்சியெல்லாம் அதுல கீது. இன்னாத்துக்குப் பாக்கறது?" என்பாராம். மாமா பல தடவை நடந்து, எண்பத்தொன்பது கடைசியில், என் அரையாண்டு விடுமுறையில்தான் அதைக் கேட்டு வாங்கினார். பரணில் ஏற ஒரு குரங்கு வேண்டும் என்று என்னைச் சைக்கிள் பின்னால் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்.

நடுவில் ஒரு படம். கூடாரத்துக்கு முன்னால் ஐந்து பேர். நட்டநடுவில் இளம் கன்னியப்பன். அவருக்குப் பக்கத்து ஆள் இருந்த இடத்தில் ஓட்டை. பார்த்ததும் மாமாவின் முகம் மலர்ந்துவிட்டது. வெட்டிய முகம் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். மணிமங்கலத்தில், கேண்டீன் வேலைக்குப் போகும் மரகதம் அக்கா வீட்டுச் சுவரில், அவர் அப்பாவாக. கட்டைவிரல் நகம் அளவு முகம், அதோடு பக்கத்து ஆளின் தோள்பட்டை கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். அந்தத் தோள்பட்டையின் மிச்சம் இதோ கன்னியப்பன்மேல் இருக்கிறது.

"முனுசாமிதானே? மணிமங்கலத்து முனுசாமி?" என்றார் மாமா.

கன்னியப்பன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார். வெகுநேரம் பார்த்தார். "முனுசாமி இதோ நிக்கிறானே சார், இந்தப் பக்கம். வெட்டிகீறது ஏழுமலையை. வல்லக்கோட்டைக்காரன். அவனும் கொஞ்ச நாள்ல காட்டுக் காய்ச்சல்ல போயிட்டான்." சட்டென்று நிமிர்ந்து உள்ளே பார்த்துக் கத்தினார். "அடியேய்! இன்னாடி வெட்டிக் குடுத்த நீ?"

அவர் மனைவி வள்ளியம்மா புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். நடந்தது இதுதான். முனுசாமி இறந்த செய்தி வந்ததும், படம் ஏதாவது கிடைக்குமா என்று அவர் வீட்டு ஆட்கள் வள்ளியம்மாவிடம் கேட்டிருக்கிறார்கள். ஆல்பம், கன்னியப்பன் லீவில் வந்தபோது வீட்டில் வைத்துவிட்டுப் போனது. முகாமில் இருந்த புருஷனுக்கு எழுதிக் கேட்க, அவர், 'எனக்குச் சோத்துக்கைப் பக்கம் நிற்கிறவனை வெட்டிக் கொடு' என்று பதில் போட்டிருக்கிறார்.

"என் சோத்துக்கைப் பக்கம்னா இதுடி!" என்று படத்தில் குத்திக் காட்டினார் கன்னியப்பன்.

"நான் எதுக்க உக்காந்து பாத்தேன், என் சோத்துக்கை பக்கம் வெட்னேன்," என்றார் வள்ளியம்மா. "அந்தப் போட்டோல யாராவது சோறு தின்னுகினு இருந்தாத்தானே எது சோத்துக்கைன்னு எனக்குத் தெரியும்?"

நான் சிரித்த சிரிப்பில் பரணிலிருந்து தூசு கொட்டியது. கன்னியப்பனும் சிரித்துவிட்டார். மாமா மட்டும் சிரிக்கவில்லை. திரும்பி வரும்போது சைக்கிளை மிதிக்காமல் தள்ளிக்கொண்டே வந்தார். மரகதம் அக்கா அப்பா முகம் அறியாமல் பிறந்தவர். அவர் கும்பிட்டு வளர்ந்த ஒரே முகம் அது. அது வேறு யாருடைய அண்ணனோ.

யாருடைய அண்ணன் என்பதும் மாமாவுக்குத் தெரிந்திருந்தது. வல்லக்கோட்டையில் பொன்னுரங்கம் என்று ஒருவர். ஏழுமலையின் தம்பி. மீட்டர் பார்க்கப் போகும்போதெல்லாம் மாமாவை நிறுத்திக் கேட்பாராம். "எங்கண்ணன் போட்டோ எதுனா ஆப்டுச்சா சார்? அவரு போறப்ப நான் சின்னப் பையன். தகரப் பொட்டியத் தோள்ல வெச்சிக்கினு நடந்து போறாரு. திரும்பிப் பாக்கவே இல்ல. முதுகுதான் ஞாபகம் கீது. மூஞ்சி மறந்து போச்சி."

இதைச் சொல்லும்போது மாமா எப்போதும் எழுந்து, முதுகைக் காட்டி நின்றுதான் சொல்வார்.

தை அமாவாசைக்கு மணிமங்கலம் போனார். சொல்லிவிட வேண்டும் என்று முடிவு பண்ணிக்கொண்டு, முனுசாமியின் உண்மையான படத்தைப் பெரிதாக்கிப் பைக்குள் வைத்துக்கொண்டுதான் போனார். போன நேரம் படையல் நேரம். சட்டத்துக்குப் புது மாலை. முன்னால் வாழையிலை, வடை, பாயசம், ஒரு பாக்கெட் சிகரெட். மரகதம் அக்கா மகன் பாபுவை இழுத்துச் சட்டத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி, "பாருங்க சார், அதே மூக்கு. எங்கப்பனே வந்து பொறந்துகீறான்," என்றாராம். சுற்றியிருந்தவர்கள் மூக்கை மட்டுமல்ல, காதையும் ஒத்துக்கொண்டார்கள். "நீங்க சொல்லுங்க சார், நீங்கதான் ஆயிரம் மூஞ்சி பாத்தவரு," என்று கேட்டார்களாம். மாமா சொன்னார், "ஆமாம்மா. அதே மூக்கு."

மதிலோரம் வந்து இதை என்னிடம் சொன்னபோது அவர் தலையில் அடித்துக்கொண்டார். "பொய்யையும் பொய்னு எழுதி வைன்னு உங்கிட்டச் சொன்னவன்டா நான்."

"அப்ப அந்த வல்லக்கோட்டைத் தாத்தாவுக்காவது படத்தைக் குடுத்துடுங்க மாமா," என்றேன்.

"குடுத்தா எங்கேர்ந்து ஆப்டுச்சின்னு கேப்பாரு. சொன்னா நேரா மணிமங்கலத்துக்குப் போயி நிப்பாரு. எங்கண்ணனுக்கு நீ யாரு படையல் போடன்னு கேட்டா, அந்தப் பொண்ணு இன்னா பண்ணும்? மொதல்ல அவளுக்குச் சொல்லணும். அப்புறம்தான் இவருக்கு."

"அவங்களுக்கு எப்பச் சொல்வீங்க?"

"பாபுவுக்கு ஆவணியில கல்யாணம். மொதல் பத்திரிகை அந்தப் படத்துக்குத்தான் வெக்கப் போறா. இப்பப் போயிக் கலைக்கக் கூடாது. ஆவட்டும்டா. செத்தவங்களுக்கு ஒண்ணும் அவசரம் கெடையாது."

அவர் வாயில் அடிக்கடி வரும் வாக்கியம் அது. ஆல்பத்தைக் கேட்டு வருகிறவர்களைத் திருப்பி அனுப்பும்போதும் அதையேதான் சொல்வார். எனக்கு அப்போது அது நல்ல பதிலாகத்தான் பட்டது.

ஆடி பிறந்தபோது பொன்னுரங்கத்துக்கு உடம்பு முடியவில்லை என்று தெரிந்தது. மாமா பதறிவிட்டார். பூஞ்சை பிடித்திருக்கிறது, துடைத்துத் தருகிறேன் என்று மரகதம் அக்காவிடம் சட்டத்தை வாங்கி வந்து, ஸ்ரீபெரும்புதூர் ஸ்டூடியோவில் ஏழுமலையின் முகத்தைப் பெரிதாகப் பிரதி எடுத்தார். கட்டைவிரல் நகத்திலிருந்து ஓர் ஆள் எழுந்து வந்தார். கொஞ்சம் பயந்த கண், அடர்ந்த புருவம், சிரிக்கலாமா என்று யோசிக்கிற வாய். சட்டத்தை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டு, பிரதியை உறையில் போட்டுக்கொண்டு வல்லக்கோட்டைக்குப் போனார். அன்று சாயங்காலம் அதே உறையோடு திரும்பி வந்தார். அந்தத் தெரு வரைக்கும் போயிருக்கிறார். வாசலில் பொன்னுரங்கம் கட்டிலில் உட்கார்ந்திருந்ததைத் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறார்.

அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னாங்க நீங்க? போயிக் குடுத்துட்டு வர்றதுதானே? அந்த மனுசன் இன்னா, ஊரைக் கொளுத்திடப் போறாரா?"

"கல்யாணத்துக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் கீது ரோஸு. எழுந்து உக்காந்துட்டாரு, தெம்பாத்தான் கீறாரு. முடிஞ்ச மறுநாளு மொத வேலை இதுதான்."

கல்யாணத்துக்கு முன்பே, ஆடி முடிவதற்குள், பொன்னுரங்கம் போய்விட்டார். முதுகு ஞாபகத்தோடுதான் போனார்.

செய்தி தெரிந்த நாள் மாமா மதில் பக்கம் வரவில்லை. நான் ஏறிப் பார்த்தேன். பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, எந்த ஆல்பத்தையும் எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். ஏதாவது சொல்லிச் சிரிக்க வைக்கலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார். "ஒரு மூஞ்சியைக் காப்பாத்தறேன்னு போயி, அதைப் பாக்க வேண்டிய கண்ணை மூட வுட்டுட்டேன்டா." அதற்கப்புறம் கல்யாணம் நடந்தது. மொய் வைத்துவிட்டு வந்தார். மரகதம் அக்காவிடம் சொல்லவில்லை. இனிமேல் சொல்லி யாருக்கு என்று விட்டுவிட்டார் என்று நினைக்கிறேன். புதிதாக ஆல்பம் தேடிப் போவதும் குறைந்தது. சாவதற்கு முந்தின வாரம் டி.வி.யில் ஏதோ ஒரு தேசத்தில் சண்டை ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் நின்று எட்டிப் பார்த்தவர், "இதுல யார் மூஞ்சியும் தெரியலையேடா," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

கல்லறையில் மண் போட்டுவிட்டு வந்த மூன்றாம் நாள், அத்தை என்னைக் கூப்பிட்டுப் பெட்டிகளைத் திறக்கச் சொன்னார். யார் யாருடையது என்று பிரித்துத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று அவருக்கு எண்ணம். நாங்கள் பிரித்துக்கொண்டிருக்கும்போது மரகதம் அக்கா வந்தார். கேண்டீன் ஷிப்டு முடித்துவிட்டு, தூக்குச்சட்டியில் இட்லியோடு வந்திருந்தார். துக்க வீட்டில் அடுப்பு எரியாது என்று எண்ணம். அத்தையைக் கட்டிக்கொண்டு அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தவரின் பார்வை, தரையில் பிரித்து வைத்த உறையில் இருந்த ஏழுமலை படத்தின்மேல் விழுந்தது.

"இது எங்கப்பா ஆச்சே. இவ்ளோ பெருசா! சாரு எனக்கா போட்டு வெச்சாரு?"

நான் அத்தையைப் பார்த்தேன். இதற்கு ஒரு பொய் என்னிடம் தயாராக இருந்தது, நல்ல பொய். அத்தை என் தொடையில் ஒரு தட்டுத் தட்டி அடக்கிவிட்டு, கன்னியப்பன் ஆல்பத்தை எடுத்து மரகதம் அக்கா மடியில் வைத்தார். முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். சோத்துக்கை, ஏழுமலை, பொன்னுரங்கம், கல்யாணம், எல்லாம். கடைசியில் முனுசாமியின் படத்தைக் கையில் கொடுத்தார்.

மரகதம் அக்கா படத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். தன் அப்பாவின் முகத்தின்மேல் விரலை வைக்காமல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். அப்புறம் சொன்னார், "எங்கம்மா அந்தச் சட்டத்துக்கு டெய்லி வெளக்கு வெக்கும். ஆனா அதைப் பாத்து ஒருநாளும் அழுததில்ல. ஜாடை இல்லையேன்னு ஒருவாட்டி சொல்லிச்சாம். பட்டாளத்துச் சாப்பாடு தின்னா மூஞ்சி மாறிடும்னு எங்க மாமன் அடக்கிட்டாரு. நான் சின்னப் புள்ள. ஏன்டா அம்மாவுக்கு அழுகையே வரலன்னு நெனப்பேன்."

"தப்பா எடுத்துக்காதம்மா," என்றார் அத்தை. "உங்கிட்டேர்ந்து அப்பாவைப் புடுங்கற மாதிரி ஆயிடும்னு பயந்துட்டாரு."

"புடுங்கறதா? இப்பத்தானே குடுத்துகீறீங்க." மூக்கை உறிஞ்சினார். "அவரையும் எறக்க மாட்டேன். நாப்பது வருசத்துக்கு மேல எங்க வூட்ல சோறு தின்னவரு. இப்பப் போயி, நீ யாரோன்னு வெளிய அனுப்புவேனா? ரெண்டு பேரும் இருக்கட்டும். ரெண்டு வடை சேத்துச் சுட்டாப் போச்சி."

அதுவரை அழாத அத்தை அப்போதுதான் வாயில் புடவையை வைத்துக்கொண்டு அழுதார். மாமா அந்தத் தை அமாவாசை அன்றே பையைத் திறந்திருந்தால் இதே பதில்தான் வந்திருக்கும். ஆயிரம் முகம் பார்த்தவர், அந்த ஒரு முகத்தைச் சரியாகப் பார்க்காமல் திரும்பி வந்துவிட்டார்.

ஏழுமலையின் பிரதியை வல்லக்கோட்டைக்குக் கொண்டு போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது மரகதம் அக்காதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் அவரும் பஸ்ஸில் போனோம். கோயில் கூட்டம், நின்றுகொண்டே போனோம். வழியில் ஒரே ஒரு தடவை என்னிடம் கேட்டார், "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல உங்க மாமா?"

பொன்னுரங்கத்தின் மகன் வீட்டில் இருந்தார். சுவரில் பொன்னுரங்கத்தின் படம், மாலை காய்ந்திருந்தது. அக்கா யார், எதற்கு வந்திருக்கிறோம் என்று சொல்லி உறையைக் கொடுத்தோம். அவர் படத்தை எடுத்துப் பார்த்தார். அப்பா படத்துக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். அதே புருவம். இந்தத் தடவை யாரும் யாருக்காகவும் ஒத்துக்கொள்ளவில்லை, உண்மையிலேயே அதே புருவம்.

"எப்பங்க ஆப்டுச்சி இது?"

"ஆடி மாசம்," என்றேன். வேறு மாசம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"அப்பா இருந்தாரே," என்றார் அவர். குரலை உயர்த்தவில்லை. "வாசல்லதான் உக்காந்துகினு இருந்தாரு. அப்பவே எடுத்தாந்திருக்கக் கூடாதா?"

எதைக் கேட்டாலும் ஒரு பதிலடி கையில் வைத்திருக்கிறவன் என்றுதானே என்னை நீங்கள் எல்லாரும் திட்டுவீர்கள். அன்று நான் அந்தக் காலி உறையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். மரகதம் அக்காதான் முன்னால் போய், அந்தப் படத்தைச் சாய்த்து வைக்க இடம் பார்த்துக் கொடுத்தார்.

மாமா சேர்த்த ஆல்பங்களை அத்தை திருப்பிக் கொடுக்கத் தொடங்கியிருக்கிறார். சிலர் வாங்கிக்கொண்டு போகிறார்கள். சிலர், "எங்க வூட்ல பூச்சி அரிச்சிடும், உங்ககிட்டயே இருக்கட்டும்," என்று எண்ணெய்த்தாளைத் தடவிப் பார்த்துவிட்டு விட்டுப் போகிறார்கள். உங்களில் யாருடையதாவது இருந்தால் வந்து பாருங்கள். இருப்பவர்கள் இருக்கும்போதே வந்து பாருங்கள்.

எனக்கு அவர் எந்த ஆல்பத்தையும் விட்டுப் போகவில்லை. வல்லக்கோட்டையில் அந்த மகன் கேட்ட கேள்விதான் அவரிடமிருந்து எனக்கு வந்தது. அவர் நேரில் நின்று வாங்கியிருக்க வேண்டியது. அவர் இல்லாததால் என் கையில் கொடுத்துவிட்டார்கள். பதில் சொல்லித் திருப்பித் தர ஆளில்லை. நானே வைத்திருக்கிறேன்.